எட்டாயிரம் ரூபாய்க்கு மிஷினா, ஒரு குரோஷா ஊசியா?

கோபியில், அதாவது கோபிசெட்டிபாளையத்தில், இருக்கும் என் சின்னம்மா மகள் போன வாரம் போன் செய்தாள். ஏலச்சீட்டு எடுத்ததில் எட்டாயிரம் கையில் நிற்கிறதாம், வீட்டுக்காரர் கேட்பதற்குள் செலவழித்துவிட வேண்டுமாம். "தையல் மிஷின் வாங்கிப் போடட்டுங்களாக்கா, இல்ல ஆரி கிளாஸ் சேந்துக்கட்டுங்களா? குரோஷாகூட நல்லாருக்கும்னு வீடியோல பாத்தேன்" என்று ஒரே மூச்சில் கேட்டாள். (ஆரி என்றால் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் போடுகிற பூ வேலை, குரோஷா என்றால் கொக்கி ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னுவது.) ரெண்டு வயசுப் பையன் பின்னால் எதையோ தள்ளி உடைத்த சத்தம் கேட்டதால் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. இந்த வருசம் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் அவள், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எனக்கு இதில் பேச என்ன தகுதி என்றால், அவிநாசியிலிருந்து திருப்பூருக்கு கம்பெனி வண்டியில் பதினோரு வருசம் போய் வந்திருக்கிறேன். முதலில் கைமடி, அதாவது தைப்பவருக்கு உதவியாள் வேலை, அப்புறம் பவர் டேபிள் என்கிற கரண்ட் தையல் மிஷின், கடைசி ஏழு வருசம் துணி ஓரத்தைச் சேர்த்துப் பின்னித் தைக்கிற ஓவர்லாக். நிமிடத்துக்கு ஐயாயிரம் தையல் வரைக்கும் ஓடுகிற மிஷின் அது. தோள்பட்டை சேர்ப்பதுதான் என் வேலை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் எடுத்து வைத்து, ஒரு அடி அடித்து, பக்கத்து மிஷினுக்குத் தள்ளிவிட்டால் போதும். கழுத்துப்பட்டி வேறு ஆள், கை வேறு ஆள், கீழ் மடிப்பு வேறு ஆள். பதினோரு வருசத்தில் எத்தனை ஆயிரம் டி-சர்ட் என் கையைத் தாண்டிப் போயிருக்குமோ தெரியாது, ஆனால் ஒரே ஒரு டி-சர்ட்டைக்கூட நான் முழுசாகத் தைத்ததில்லை. 'டெய்லர்' என்றுதான் அட்டையில் போட்டிருந்தது.

வேலையை விட்ட பிறகு, மகளுக்குப் பழைய சுங்குடிச் சேலையை வெட்டி ஒரு பாவாடை தைத்தேன். இடுப்புப் பட்டி கோணல், நாடா போகிற ஓட்டை ஒரு பக்கம் பெரிசு. ஆனால் வெட்டியதிலிருந்து நாடா கோத்தது வரை எல்லாம் நானே. அதை அவள் போட்டுக்கொண்டு தெருவில் ஓடியதைப் பார்த்தபோது வந்த சந்தோசம் பதினோரு வருசச் சம்பளத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. அதனால் எந்தக் கைவேலையைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இதில் ஒரு பொருளை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நீயே செய்து முடிக்க எத்தனை நாள் ஆகும், அதுவரை உனக்குப் பொறுமை இருக்குமா?

காசு மிச்சம் என்கிற கணக்கை இப்போதே தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். நம் ஊர்ப்பக்கத்துக்கு அது சரிப்பட்டு வராது. திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியது என்று குவித்துப் போட்டு விற்கிற டி-சர்ட் விலைக்கு அந்தத் துணியைக்கூட சில்லறையில் வாங்க முடியாது. ஈரோட்டில் திங்கட்கிழமை ராத்திரி தொடங்கி செவ்வாய்க்கிழமை நடக்கிற ஜவுளிச் சந்தைக்குக் கேரளாவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் ஆட்கள் வந்து மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள். பெட்ஷீட் வேண்டுமானால் சென்னிமலை இருக்கிறது, விரித்து உட்கார பவானி ஜமக்காளம் இருக்கிறது. இந்த நாலு ஊருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, நைட்டி தைத்து நூறு ரூபாய் மிச்சம் பிடித்தேன் என்று சொன்னால் நூல் விலையையும் உன் முதுகு வலியையும் கணக்கில் சேர்க்கவில்லை என்று அர்த்தம். விதிவிலக்கு ரெண்டே ரெண்டு, ப்ளவுசும் ஆல்டரேஷனும். ப்ளவுஸ் மட்டும் ஆளுக்கு ஆள் அளவு மாறுவதால் ரெடிமேட் ஒரு நாளும் ஒழுங்காகப் பொருந்தாது, லைனிங் வைத்துத் தைக்கக் கொடுத்தால் கூலியும் சுருக்கென்று இருக்கும், அதிலும் முகூர்த்த மாசமென்றால் தைக்கிற அக்காவின் வீட்டு வாசலில் நாலு தடவை போய் நிற்க வேண்டும்.

சரி, முதலில் மிஷின்.

கால் மிஷின், அதாவது இரும்பு ஸ்டாண்டில் நிற்கும் பெடல் மிஷின், புதிது என்றால் எட்டாயிரத்துக்கு முன்னே பின்னே வந்துவிடும். ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து விழுகிற தையல்) எல்லாம் போடுகிற கரண்ட் மிஷின் அதற்கு மேலே. எனக்குக் கேட்டால் பழைய கால் மிஷின்தான். நாலாயிரம் ஐயாயிரத்துக்குள் கிடைக்கும், இரும்பு சீக்கிரம் தேயாது, கரண்ட் போனாலும் ஓடும். வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதே. பெல்ட்டைக் கழற்றிவிட்டு மேல் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்று, எங்காவது ஒரு இடத்தில் மட்டும் இறுக்கிப் பிடித்தால் வேண்டாம். ஊசி மாட்டுகிற கம்பியை விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார், லொடலொடவென்று இருந்தால் தையல் தாவும். அப்புறம் கையோடு கொண்டு போன மெல்லிய காட்டன் துணியில் ஒரு முழம் அடித்து, மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே மாதிரி விழுகிறதா என்று பார். கீழே நூல் கும்பலாகச் சுருண்டால் பயப்பட வேண்டாம், மேல் நூலைச் சரியாகக் கோக்காததால்தான் பெரும்பாலும் அப்படி ஆகும், கீழ் நூல் சுற்றியிருக்கிற பாபின்மேல் பழி போட்டு எல்லா ஸ்குரூவையும் திருகிவிடாமல் இருந்தால் சரி.

ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வருகிற பொம்மை மாதிரி மினி மிஷினை வாங்கவே வாங்காதே. நான் வாங்கினேன். ஜீன்ஸ் மடிப்பில் ஏறும்போது கிரீச்சென்று கத்திக்கொண்டு நின்றது, ஒரு மாசத்தில் உயிரை விட்டது, திருப்பி அனுப்பலாம் என்றால் நாள் தாண்டிவிட்டது என்றார்கள். இப்போது மகன் அதன் மோட்டாரைக் கழற்றி ஏதோ செய்துகொண்டிருக்கிறான்.

இன்னொரு முட்டாள்தனமும் நான் செய்ததுதான், ஓவர்லாக்கில் ஏழு வருசம் உட்கார்ந்த மிதப்பில். வீட்டுக் கால் மிஷினில் பனியன் துணியை வைத்து அடித்தேன். பையன் தலையை நுழைத்ததும் கழுத்துத் தையல் படபடவென்று அறுந்தது. பனியன் துணி இழுபடும், நேர்த்தையல் இழுபடாது, அவ்வளவுதான் விஷயம். முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசியும் ஜிக்ஜாக்கும் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம், சாதா கால் மிஷினில் காட்டனோடு நின்றுகொள்வது நல்லது. காட்டனுக்கு 14ஆம் நம்பர் ஊசி, ஜீன்ஸ் மாதிரி தடித்த துணிக்கு 16 அல்லது 18, மெல்லிய பட்டுக்கு 11. ஊசி மழுங்கினால் துணி நூலிழுத்துக் காட்டிக்கொடுக்கும். பத்து ரூபாய் ஊசியை மாற்றச் சோம்பல்பட்டு நல்ல சேலை ஓரத்தைப் பாழாக்கினவர்களை எனக்குத் தெரியும். (என் வீட்டுக்காரரின் அக்காதான், அவருக்குப் போன் பார்க்கிற பழக்கம் இல்லை.)

மிஷினில் முதல் முழுப் பொருள் எவ்வளவு சீக்கிரம் வரும் என்றால், தலையணை உறை ஒரு மத்தியானத்தில் வந்துவிடும். ஜிப்பும் வேண்டாம், பட்டனும் வேண்டாம், நீளத் துணியின் ரெண்டு முனையையும் மடித்து அடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி உள்பக்கம் வெளியே வைத்து மடக்கி, பக்கவாட்டில் ரெண்டு தையல் போட்டுத் திருப்பினால் உறை. அடுத்து துணிப்பை, அடுத்து நாடாப் பாவாடை. அது வரைக்கும் சந்தோசம்தான். ப்ளவுசுக்கு வந்ததும் ஆறு மாசத்துக்கு அழுகைதான். கைக்குழி ஒரு நூல் கூடினால் தோள் தூக்கும், டாட் (முன்பக்கத்துக்கு வடிவம் கொடுக்கிற மடிப்புத் தையல்) ஒரு விரற்கடை நகர்ந்தால் முன்பக்கம் முறைக்கும். வெட்டின துணி வெட்டினதுதான், ஒட்டாது. முதல் நாலு ப்ளவுசுக்குப் பழைய வேட்டியை வெட்டு, ரூபியா துணியில் கை வைக்காதே. ஆனால் ஒரு தடவை கை வந்துவிட்டால் மிஷினை மிஞ்ச எதுவும் இல்லை. தெருவில் நாலு பேர் சேலைக்கு ஓரம் அடிக்கவும் சுடிதார் பிடிக்கவும் வருவார்கள், வேண்டாம் என்றாலும் வருவார்கள்.

மிஷினுக்கு இடம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், முக்கியமாக யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் வேண்டும். துணியை விரித்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, கத்தரியை எடுக்கும்போது பால் பொங்கினால் எல்லாம் போச்சு. ரெண்டு வயசுப் பையன் இருக்கிற வீட்டில் பெடலும் பெல்ட்டும் கத்தரியும் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குரோஷா இதற்கு நேர் எதிர். ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல் உருண்டை. எந்த நேரமும் ஊசியில் தொங்குவது ஒரே ஒரு கண்ணி, அதை விட்டுவிட்டு எழுந்து போய் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு வந்து அதே இடத்தில் தொடரலாம். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னியிருக்கிறேன், ஆஸ்பத்திரி வரிசையில் பின்னியிருக்கிறேன், சீர் வீட்டில் பந்தி நகரும் வரை பின்னி மாமியாரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன். தப்பு வந்தால் இழுத்துவிட்டால் போதும், சரசரவென்று பிரிந்து நூல் மறுபடி நூலாகவே கையில் வந்துவிடும். புதுசாகக் கற்றுக்கொள்பவளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ப்ளவுஸ் துணியைத் தப்பாக வெட்டி ராத்திரி தூங்காமல் கிடந்தவளுக்குத்தான் தெரியும். இன்னொன்று, பனியனைப் பின்ன மிஷின் உண்டு, ஸ்வெட்டரைப் பின்ன மிஷின் உண்டு, குரோஷாவைக் கைதான் பின்ன வேண்டும். கடையில் மலிவாகத் தொங்கும் உண்மையான குரோஷாத் துணி எதைப் பார்த்தாலும் ஏதோ ஒரு ஊரில் ஒருத்தி உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் போட்டது அது, அவளுக்கு என்ன கூலி கொடுத்திருப்பார்கள் என்று எனக்கு உடனே தோன்றும்.

நூல் விஷயத்தில் நம் பக்கத்துப் பெண்கள் கொடுத்து வைத்தவர்கள். வீடியோவில் காட்டுகிற அக்ரிலிக் உல்லன் உருண்டையை வாங்கினால் சித்திரை வெயிலில் உள்ளங்கை வேர்த்துப் பிசுபிசுக்கும், பின்னி முடித்த ஸ்வெட்டரைப் போட ஊட்டிக்குத்தான் போக வேண்டும். இங்கே காட்டன்தான் சரி. நான்கு இழைக் காட்டன் நூலுக்கு 3.5 எம்எம் ஊசி சுகமாக இருக்கும். பனியன் கம்பெனி கோன் நூல் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதே. 30, 40 கவுண்ட் என்பது ரொம்ப மெலிசு. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் (நூல் கற்றை) எத்தனை நிற்கிறதோ அதுதான் கவுண்ட், அதனால் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஆறேழு இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னலாம்தான், ஊசி முனை ஒவ்வொரு தடவையும் நாலு இழையைப் பிடித்து மூன்றை விட்டுவிடும், கோபம்தான் வரும்.

அதைவிட நல்ல வழி, பனியன் துணியையே நூலாக்குவது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எனக்கு இதில் தனி ஆசை. பக்கத் தையல் இல்லாத பழைய டி-சர்ட் ஒன்றை எடுத்து, அக்குளுக்குக் கீழே நேராக வெட்டிவிடு, கீழ் மடிப்பையும் வெட்டிவிடு. குழாய் மாதிரி உடம்புத் துண்டு மட்டும் மிஞ்சும். அதைத் தரையில் விரித்து, ஒரு பக்க மடிப்பு ஓரத்திலிருந்து எதிர்ப் பக்க மடிப்பு ஓரத்துக்கு ரெண்டு இஞ்ச் முன்னால் வரை, ஒரு இஞ்ச் அகலத்துக்கு வரிவரியாக வெட்டிக்கொண்டே போ. இப்போது வெட்டாமல் விட்ட பக்கத்தை விரித்தால் சீப்பின் முதுகு மாதிரி இருக்கும். அங்கே முதல் வெட்டிலிருந்து எதிரில் இருக்கிற அடுத்த வெட்டுக்குச் சாய்வாக வெட்டிச் சேர்த்துக்கொண்டே போனால், மொத்த டி-சர்ட்டும் அறுபடாத ஒரே நாடாவாக வந்துவிடும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து இழு. இழுத்த மாத்திரத்தில் ரெண்டு ஓரமும் உள்ளே சுருண்டு, தட்டை நாடா உருண்டைக் கயிறாக மாறும். முதல் தடவை பார்த்தபோது என் மகள் "அம்மா, இது உசுரோட இருக்கு" என்றாள். உடம்பு நீளம் 45 சென்டிமீட்டர், சுற்றளவு ஒரு மீட்டர் என்றால் பதினெட்டு மீட்டர், இழுத்த பிறகு இன்னும் கூடுதல்.

இப்படிச் சுருளுவது சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதா டி-சர்ட் துணி, மட்டும்தான். கோடு கோடாக இருக்கிற ரிப்பும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற இன்டர்லாக்கும் இழுத்தாலும் தட்டையாகவே கிடக்கும், லைக்ரா கலந்தது ரப்பராக இழுபட்டுக் கண்ணி அளவைக் கெடுக்கும். கட்டிங் வேஸ்ட் (கம்பெனியில் வெட்டியது போக மிஞ்சின துண்டுத் துணி) கிலோ கணக்கில் வாங்கினால் முதலில் ஓரத்தை இழுத்துப் பார்த்துப் பொறுக்கிக்கொள். இந்தக் கயிறுக்கு 8 எம்எம் ஊசி. கால்மிதி ரெண்டு மூன்று ராத்திரியில், சூடான பாத்திரம் வைக்கிற வட்டு ஒரே ராத்திரியில் முடியும்.

குறையும் இருக்கிறது. பின்னிய காட்டன் கனக்கும், தொங்கும், துவைத்தால் இன்னும் தொங்கும், அதனால் சட்டை கவுன் என்றெல்லாம் ஆசைப்படாமல் பை, விரிப்பு, தொப்பி, பொம்மை என்று இருப்பது நல்லது. மணிக்கட்டு வலிக்கும். அமெரிக்கக்காரர் 'சிங்கிள்' என்று சொல்வதைத்தான் இங்கிலாந்துக்காரர் 'டபுள்' என்கிறார், எந்த ஊர் முறை என்று பார்க்காமல் ஆரம்பித்தால் பாதியில் குழம்பிப் போவாய். காசு பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அஞ்சு மணி நேரம் பின்னின முயல் பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு "நூத்தம்பதுக்குத் தருவீங்களா" என்று கேட்பார்கள், ஒரம்பரையாக (சொந்தக்காரராக) இருந்தால் அதையும் கேட்க மாட்டார்கள், பையில் போட்டுக்கொள்வார்கள்.

ஆரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழில் என்று எடுத்தால் இந்த மூன்றில் அதுதான் மேல், கோயம்புத்தூர்ப் பக்கம் கல்யாணப் ப்ளவுஸ் ஒன்று ஆரி வேலை இல்லாமல் போவதே இப்போது அபூர்வம். ஆனால் பொழுதுபோக்கு என்றால் கடைசி இடம்தான் கொடுப்பேன். சட்டத்தில் துணியை முரசு மாதிரி இழுத்துக் கட்டி, குனிந்து உட்கார்ந்து, கீழே ஒரு கை நூல் கொடுக்க மேலே ஒரு கை கொக்கியால் இழுத்து, மணி மணியாகக் கோத்துக்கொண்டே போனால் பத்து நாளில் கழுத்தும் கண்ணும் கேள்வி கேட்கும். அதோடு ப்ளவுசை வெட்டுவது ஒருத்தர், தைப்பது ஒருத்தர், போட்டுக்கொண்டு மேடையில் நிற்பது ஒருத்தர், நடுவில் நீ. எனக்கு என் பழைய ஓவர்லாக் மிஷின்தான் ஞாபகம் வருகிறது. வேண்டுமென்றால் பிறகு போகலாம், கொக்கியால் நூலைக் கண்ணியாக இழுக்கிற வித்தை ரெண்டுக்கும் பொது என்பதால் குரோஷாவில் கை ஓடினவளுக்கு ஆரி பழகுவது அவ்வளவு கஷ்டமில்லை.

எந்தக் கிளாசும் மிஷினும் இல்லாமல் வெறும் கை ஊசியே போதும் என்கிற கட்சியும் உண்டு, என் அம்மாயி (அம்மாவின் அம்மா) அந்தக் கட்சி. நைந்த நூல் சேலை நாலைந்தை அடுக்கி, ஓரம் மடித்து, விரல் நுனி அளவு இடைவெளியில் ஓட்டுத் தையல் வரிவரியாகப் போட்டு விரிப்பு தைப்பார். ஒரு விரிப்புக்கு ஒரு கோடை முழுக்க ஆகும், அடுத்த பேத்தி பிறப்பதற்குள் முடித்தால் போதும் என்பது கணக்கு. மேலே நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, சட்டமும் இல்லாமல், கோடும் வரையாமல், துணியின் நூலை எண்ணி எண்ணியே பூ வேலை போடுகிறார்கள், 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. வயர் கூடையைக் கேட்பவர்களுக்கு ஒரே பதில், போடுங்கள், சிவன் கண் முடிச்சு வந்துவிட்டால் விடவே மாட்டீர்கள், விரல் மட்டும் காய்த்துப் போகும்.

ஆக, கோபிக்காரிக்கு மறுபடி போனில் நான் சொன்னது: பையன் பால்வாடிக்குப் போகிற வரை குரோஷா. சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் உனக்குக் கிடைக்காது, பத்துப் பத்து நிமிசமாகத்தான் கிடைக்கும், அதற்குப் பொருந்துவது அதுதான். முந்நூறு ரூபாய் போதும். மிச்சத்தைத் தனியாக எடுத்து வை, அவன் போக ஆரம்பித்ததும் பழைய கால் மிஷின் பார்க்க நானே ஈரோட்டுக்கு வருகிறேன். உன் பையன் பெரியவனாக இருந்து, ப்ளவுஸ் கூலியே மாசம் ஐநூறு ஆகிறது என்றால் யோசிக்காமல் மிஷின் என்றுதான் சொல்லியிருப்பேன். கைம்பெண்கள், கணவர் கைவிட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் மாதிரியானவர்களுக்கு சமூக நலத்துறையில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவச மிஷின் திட்டமே இருக்கிறது, யாராவது அப்படித் தெரிந்தவர்கள் இருந்தால் கடைக்குப் போவதற்கு முன் அங்கே விசாரிக்கச் சொல்.

"அப்ப எட்டாயிரம் எதுக்குங்கக்கா" என்று முகம் சுருங்கினது போனிலேயே தெரிந்தது. செலவழிக்க முடியாத வருத்தம் அவளுக்கு. "இருக்கட்டும் கண்ணு, சீட்டுல திரும்பப் போடு" என்றேன்.

8 எம்எம் ஊசி ஒன்றும் ரெண்டு கிலோ ஜெர்சி பிட்டும் கோபி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். நேற்று போட்டோ வந்தது. பாத்திரம் வைக்கிற வட்டு என்று ஆரம்பித்ததாம், ஓரமெல்லாம் மேலே தூக்கிக்கொண்டு கிண்ணமாக நிற்கிறது. முதல் சுற்றில் ஆறு கண்ணி, அடுத்ததில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு என்று சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே போக வேண்டும், இவள் மூன்றாவது சுற்றோடு கூட்டுவதை மறந்துவிட்டாள். இழுத்துப் பிரித்துவிட்டு மறுபடி போடு என்று சொன்னேன். முடியாதாம், பையன் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கழற்ற விடமாட்டேன் என்கிறானாம்.